யாரும் ஆராயவில்லை என்று எழுதும் முன்

முனைவர் பட்டத்துக்கான ஆய்வுச் சுருக்கங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. "இத்தலைப்பில் இதுவரை ஆய்வுகள் எவையும் மேற்கொள்ளப்படவில்லை." பெரும்பாலும் 'ஆய்வு முன்னோடிகள்' பகுதியின் கடைசி வரியாக நிற்கும். பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவே உள்ள ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக, துறைக்குப் போகும் முன் இந்தச் சுருக்கங்கள் என் மேசைக்கு வரும். அந்த வரி வந்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. இவர் எங்கே தேடினார்? எந்தச் சொற்களைக் கொண்டு தேடினார்? எப்போது தேடினார்? களப்பணிக்குப் போனவர் எத்தனை வீடுகளில் கேட்டார், யாரிடம் கேட்டார், எந்த மாதத்தில் கேட்டார் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஆய்வகத்தில் இருப்பவர் எந்தக் கருவி, எவ்வளவு வெப்பம் என்று எழுத வேண்டும். உலகத்தில் ஒருவரும் இதைத் தொடவில்லை என்று சொல்பவரிடம் மட்டும் எந்தச் சான்றையும் யாரும் கேட்பதில்லை. ஆய்வேட்டின் மிகப் பெரிய கூற்று அதுதான். அதைத்தான் கைநீட்டிக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் நாம் சொல்லி அனுப்புவது "ஐம்பது ரெஃபரன்ஸ் சேர்த்துக்கொண்டு வா" என்பதுதான். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். தலைப்பை முழுதாக அப்படியே கூகுள் ஸ்காலர் பெட்டியில் தட்டுகிறார்கள். முதல் பக்கத்தில் வருபவற்றைப் பதிவிறக்குகிறார்கள். ஐம்பது சேர்ந்ததும் தேடல் முடிந்துவிடுகிறது. தலைப்பு என்பது ஆய்வுக் குழுவின் ஒப்புதலுக்காக நீட்டி எழுதப்பட்ட வாக்கியம். வேறு நாட்டில் வேறு துறையில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்த ஒருவர் அதே வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார். அவர் எந்தச் சொல்லைப் போட்டு எழுதியிருப்பார் என்று யோசிப்பதில்தான் தேடலின் பாதி வேலை இருக்கிறது. அந்தப் பாதியைக் கணினி செய்து தராது. கணினியைத் திறப்பதற்கு முன்பே தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு நாம்தான் செய்ய வேண்டும்.

கொரங்காட்டுக்குள் போன தேடல்

பொருளியல் துறையில் சேர்ந்த ஒரு மாணவியின் சுருக்கம்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் ஒரு ஊர் அவருக்கு. குடும்பத்துக்குக் கொஞ்சம் கொரங்காடு உண்டு. எங்கள் பக்கத்தவர்களுக்குக் கொரங்காட்டை விளக்க வேண்டியதில்லை. மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். அந்த நிலம் தரும் வருமானம், குத்தகை, அது சுருங்கிவருவதன் காரணம் ஆகியவைதான் அவருடைய தலைப்பு. நல்ல தலைப்பு. கடைசி வரியில் அந்த வாக்கியமும் இருந்தது.

"தேடிப் பார்த்தீர்களாம்மா?" என்று கேட்டேன். "தேடிவிட்டேனுங்க சார். ஒன்றுகூட இல்லை" என்று கைப்பேசியை நீட்டினார். பதினான்கு சொற்கள் கொண்ட ஆங்கிலத் தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியிருந்தார். மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் பக்கங்களை மட்டுமே இயந்திரம் காட்டும். இரண்டு சொல், மூன்று சொல் தொடர்களுக்கு அது அருமையான கருவி. பதினான்கு சொற்களுக்குப் போட்டால் உலகமே காலியாகத்தான் தெரியும்.

கைப்பேசியைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு ஒரு ஏ4 தாளைக் குறுக்கு வாட்டில் வைத்து நெடுங்கோடுகள் போட்டோம். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் தலைப்பில் உள்ள ஒரு கருத்து. அதற்குக் கீழே அந்தக் கருத்துக்கு வழங்கும் அத்தனை பெயர்களும். மேலிருந்து கீழாக வரும் பெயர்களுக்கு நடுவே 'ஆர்' என்ற ஆங்கில இணைப்புச்சொல், பெரிய எழுத்தில். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே 'அண்ட்'. 'ஆர்' போட்டால் அந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், 'அண்ட்' போட்டால் இரண்டு பக்கமும் இருந்தாக வேண்டும். இவ்வளவுதான் முறை. நூலகப் பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் கட்டத்தின் தலைப்பை எப்படிப் பிரிப்பது என்பதில் எனக்கு வழிகாட்டி ரங்கநாதன். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை ஒரு நூலை ஒரே அலமாரிக்குள் தள்ளாமல் ஐந்து பக்கங்களிலிருந்து கேள்வி கேட்கிறது: எதைப் பற்றியது, எந்தப் பொருள் சம்பந்தப்பட்டது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. நூல்களை அடுக்குவதற்காக அவர் கண்ட முறை, நூல்களைத் தேடுவதற்கும் அப்படியே கைகொடுக்கிறது. இன்றைய தரவுத்தளங்கள் பக்கவாட்டில் வைத்திருக்கும் ஆண்டு, துறை, இடம் என்ற வடிகட்டிகள் எல்லாம் அதே சிந்தனையின் வழிவந்தவை. நம் ஊர்க்காரர் ஒருவர் உலகத்துக்குக் கொடுத்த முறையை நம் மாணவர்களுக்கு நாம் சொல்லாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

இடம் என்ற கட்டம்தான் முதலில் நிரம்பியது. காங்கேயம் இன்று திருப்பூர் மாவட்டம். மாணவி அதை மட்டும்தான் எழுதினார். திருப்பூர் மாவட்டம் உருவானதே 2009-இல். அதற்கு முன் காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. ஈரோடு மாவட்டம் 1979-இல் பிறந்தபோது அதன் பெயர் பெரியார் மாவட்டம். அதற்கும் முன்னால் எல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம்தான். ஆக, அவருடைய அப்பாரு (தாத்தா) குடியிருக்கும் ஒரே வீடு நான்கு மாவட்டப் பெயர்களின் கீழ் அச்சில் வந்திருக்கக்கூடும். 1985-இல் வந்த ஆய்வு பெரியார் மாவட்டம் என்றுதான் சொல்லும். 1950-களில் வந்தது கோயம்புத்தூர் என்றுதான் சொல்லும். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. திருப்பூருக்கு ஒரு பி, இரண்டு பி. காங்கேயத்துக்கு நடுவில் ஏ போடுபவர்களும் உண்டு, ஈ போடுபவர்களும் உண்டு. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்து 1972-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் கொங்கு என்பதை ஜி எழுத்தில்லாமல் கே போட்டு எழுதியிருக்கிறார். தமிழ் எழுத்தை அப்படியே ஒலிபெயர்த்தால் அதுதான் வரும். ஜி போட்டு மட்டும் தேடுகிற மாணவி தன் ஊருக்குப் பக்கத்து ஊரைப் பற்றிய, உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஒரு நூலைத் தலைப்பில் காணாமலே போய்விடுவார். அந்த நூலை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது ஊர்ப் பெயரைப் பார்த்து, நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார்.

ஒரு புல்லும் மூன்று கண்டங்களும்

அடுத்த கட்டம் புல். 'கொழுக்கட்டைப் புல்' என்று எழுதிவிட்டு அவர் பேனாவை வைத்தார். தாவரவியல் பெயர் சென்க்ரஸ் சிலியாரிஸ். அதை மட்டும் போட்டுத் தேடியபோது திரை நிரம்பியது. ஆனால் வந்த கட்டுரைகளைப் பார்த்து அவர் முகம் மாறியது. முதல் பக்கத்தில் கணிசமானவை இந்தப் புல்லை எப்படி ஒழிப்பது என்பதைப் பற்றியவை. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இது வெளியிலிருந்து வந்து பரவிய புல். காய்ந்தால் தீப்பிடிக்கும், பாலைவனத்தின் இயல்பான செடிகளை அழிக்கும் என்று அங்கே இதற்கு எதிராகப் பெரும் முயற்சிகளே நடக்கின்றன. "நம் மாட்டின் தீனியைக் களை என்கிறார்களே சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய தேடல் வேறு ஒன்றாகிவிட்டது என்று நினைக்கிறேன். அதுவரை தன் தலைப்புக்கு ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்தார். இப்போது எதிர்த்துக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

களை என்று சொல்லும் கட்டுரைகளைத் தள்ளிவிட 'நாட்' என்ற விலக்குச் சொல்லைப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சொல் மிகவும் ஆபத்தானது. 'களை' என்ற சொல் ஒரே ஒரு வரியில் வந்திருந்தாலும் முழுக் கட்டுரையையும் தூக்கி எறிந்துவிடும். ஆஸ்திரேலியாவிலேயே மாட்டுப் பண்ணைக்காரர்கள் இந்தப் புல்லைக் கொண்டாடுகிறார்கள், இயற்கைக் காப்பாளர்கள் வெறுக்கிறார்கள். இரண்டு தரப்பையும் வைத்து, இது எவ்வளவு பணம் தருகிறது, எவ்வளவு கெடுக்கிறது என்று கணக்குப் பார்த்த கட்டுரைகளில் 'களை' என்ற சொல் கட்டாயம் இருக்கும். பொருளியல் மாணவிக்கு வேண்டியவை அவைதான். கூட்டம் அதிகமாக இருந்தால் இன்னொரு கட்டத்தை 'அண்ட்' போட்டுச் சேர்த்துச் சுருக்குவதே நல்லது. எதையும் வெட்டி எறிய வேண்டியதில்லை.

பிறகு பெயர்களைத் தேடி அடுக்கினோம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பஃபெல் கிராஸ். ராஜஸ்தான் பக்கம் அஞ்சன், தாமன். ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமும், ஜான்சியில் 1962-இல் தொடங்கிய புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனமும் இந்தப் புல்லில் நிறைய வேலை செய்திருக்கின்றன. அமெரிக்கர்கள் பலர் இதைப் பென்னிசெட்டம் சிலியாரே என்று எழுதுகிறார்கள். இன்னும் பின்னால் போனால் பென்னிசெட்டம் சென்க்ராய்டிஸ். இந்தக் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனபோது, கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் தாவரவியலாளராக இருந்த ரங்காச்சாரியார் 1921-இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடு கிடைத்தது. காங்கேயத்திலிருந்து ஒரு பஸ் பயணத் தொலைவில், நூறு ஆண்டுக்கு முன்பே, இந்தப் புல்லை ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். அவர் போட்ட பெயர் தெரியாததால் மட்டுமே அந்த நூல் இல்லாததாகிவிட்டிருந்தது. மரத்தின் கதையும் இதுதான். வெள்வேலம் நெடுங்காலம் அகேசியா லியூகோஃப்ளோயா. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கியது. 2011-இல் மெல்பர்னில் அது உறுதியானது. நம் வேல மரங்களில் பலவும் வேச்செலியா ஆகிவிட்டன. பழைய பெயரில் தேடினால் புதிய கட்டுரைகள் நழுவும், புதிய பெயரில் தேடினால் பழையவை நழுவும். இரண்டையும் 'ஆர்' போட்டுத்தான் எழுத வேண்டும்.

ஆனால் உண்மையான திருப்பம் கென்யாவிலிருந்து வந்தது. அங்கே இந்தப் புல்லுக்கு ஆப்பிரிக்க ஃபாக்ஸ்டெயில் என்று பெயர். அந்தப் பெயரோடு 'மேய்ச்சல் நிலம்', 'வருமானம்' என்ற இரண்டு கட்டங்களையும் சேர்த்தபோது, கென்யாவின் வறண்ட பகுதிகளில் கெட்டுப்போன மேய்ச்சல் நிலத்தில் இந்தப் புல்லை மறுபடி விதைப்பதைப் பற்றிய கட்டுரைகள் வரிசையாக வந்தன. மழை குறைந்த நிலம், வேலி போட்டு அடைத்த மேய்ச்சல், புல்விதை விற்று வரும் காசு, எந்தக் குடும்பம் இதில் ஈடுபடுகிறது, எது விலகுகிறது. ஏறக்குறைய அவருடைய கேள்விகள் அத்தனையும் வேறு மண்ணில் கேட்கப்பட்டு, பதிலும் தேடப்பட்டிருந்தன. நாங்கள் இருவரும் ஒரு கட்டுரையின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்படியென்றால் என் தலைப்பு போய்விட்டதா சார்?"

இந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று அப்போது எனக்குப் பட்டது. யாரும் ஆராயவில்லை என்றால்தான் நமக்கு இடம் உண்டு என்று மாணவர்கள் நம்புகிறார்கள். யாராவது கிடைத்துவிட்டால் இடம் பறிபோய்விடும். ஆகவே, தெரிந்தோ தெரியாமலோ, கிடைக்காத மாதிரியே தேடுகிறார்கள். யாருமே எழுதாத தலைப்பில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒப்பிட ஓர் எண் இல்லை, கேள்வித்தாளுக்கு ஒரு மாதிரி இல்லை, மறுத்துப் பேச ஒரு கருத்து இல்லை. கென்யக் கட்டுரைகள் கிடைத்தது அவருக்கு நல்லகாலம். அதைச் சொன்னேன். உடனே நம்பவில்லை. பிறகு அப்பாருவுக்குப் போன் போட்டார். கொரங்காடு பற்றி வெளிநாட்டில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்கம்மிணி, வேலியைப் பற்றி யாராவது கேட்டார்களா?" என்றார். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த பிறகு பொதுவாக இருந்த கிளுவை வேலியை யார் அடைப்பது என்ற தகராறில்தான் பல காடுகள் பாழாகின என்பது அவர் சொல். புல் இருக்கிறது, மாடு இருக்கிறது. ஓட்டை விழுந்த வேலியை அடைக்க இரண்டு பங்காளிகளும் வருவதில்லை.

தாளில் புதிதாக இரண்டு கட்டங்கள் போட்டோம். ஒன்று உயிர்வேலி, அதன் ஆங்கிலப் பெயர்கள் எல்லாம். இன்னொன்று பாகப்பிரிவினை, வாரிசுரிமை, நிலம் துண்டாதல். உயிர்வேலி பற்றி மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து நிறைய வந்தது. நிலம் துண்டாதல் பற்றிப் பொருளியலில் பெரிய குவியலே இருக்கிறது. இரண்டையும் 'அண்ட்' போட்டு இணைத்தபோது மிகச் சிலவே மிஞ்சின. அவை எவையும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவருடைய ஆய்வு அன்று வேலியின் பக்கம் திரும்பிவிட்டது.

எங்கே தேடுவது என்பதும் திட்டம்தான்

சொற்கள் தயாரான பிறகும் எல்லோரும் ஒரே பெட்டியில்தான் தட்டுகிறார்கள். 2004-இல் வந்த கூகுள் ஸ்காலரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு அது பெரிய வரம். ஆனால் அதன் எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் ஒரு தேடலுக்கு ஆயிரத்துக்கு மேல் திறந்து பார்க்க விடாது. தேடல் வரி 256 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஆகவே எங்கள் தாளில் உள்ளதை முழுதாக அங்கே போட முடியாது, துண்டு துண்டாகப் பிரித்துத்தான் போட வேண்டும். எந்தெந்த இதழ்களைத் திரட்டுகிறது என்ற பட்டியலையும் அது வெளியிடுவதில்லை. அதன் உண்மையான பலம் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் இருக்கும் 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பு. ஒரு நல்ல கட்டுரை கையில் கிடைத்தால் அதன் துணைநூற்பட்டியல் வழியாகப் பின்னால் போகலாம், அந்த இணைப்பு வழியாக முன்னால் வரலாம். கென்யக் கட்டுரை ஒன்றிலிருந்து இப்படிப் போய்த்தான் மாணவி தன் கேள்வித்தாளுக்கான மாதிரியைக் கண்டுபிடித்தார்.

இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்று எல்லோருக்கும் தெரியும். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு மின்வடிவ ஆய்வேடுகளைக் கட்டாயமாக்கிய பிறகு, காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் களஞ்சியம் அது. ஆனால் கொரங்காடு போன்ற தலைப்புக்கு அங்கே மட்டும் தேடினால் பாதி வழிதான். வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கு வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கிரிஷிகோஷ் என்று தனிக் களஞ்சியம் இருக்கிறது. பொருளியல் துறை மாணவர்களில் அதன் பெயரைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். உலக உணவு, வேளாண்மை அமைப்பின் அக்ரிஸ் இன்னொன்று. அதே அமைப்பின் அக்ரோவாக் சொற்களஞ்சியத்தில் ஒரு கருத்துக்கு எந்தச் சொல்லை முதன்மையாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு தேடினால் நேரம் மிச்சமாகும். மரமும் மேய்ச்சலும் சேர்ந்த நிலமுறையை நாம் 'சில்விபாஸ்சர்' என்று எழுதுவதை வெளியே 'சில்வோபாஸ்டொரல்' என்று எழுதுகிறார்கள் என்பது அந்த வழியில்தான் பிடிபட்டது.

தமிழில் உள்ளதைத் தேடுவது வேறு பாடு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆய்வேடுகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகள். 'கொரங்காடு' என்று தேடினால் அந்தச் சொல் நூறு முறை வரும் ஆய்வேடும் அகப்படாது. படமாக வருடி ஏற்றியவற்றின் நிலையும் அதுதான். இவற்றைத் தலைப்பு, துறை, நெறியாளர் பெயர் என்று வழி மாற்றித்தான் பிடிக்க வேண்டும். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதியும் ஒருமுறை தேட வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஆய்வுத் திட்டத்தில் யாரும் ஒதுக்குவதில்லை.

கட்டுரை இருக்கிறது என்று தெரிந்தும் திறக்க முடியாத கதவு ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. மனதார வரவேற்கிறேன். ஆனால் ஈரோட்டிலிருந்து கோவை வரை சாலையின் இருபுறமும் நிற்கும் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. இந்தப் பகுதியின் பிள்ளைகளில் பெரும்பங்கினர் படிப்பது அங்கேதான். அவர்களுக்கு இருக்கும் வழிகள்: கட்டுரையின் இலவசப் பிரதி வேறெங்காவது சட்டப்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, நூலகங்களுக்கு இடையிலான பரிமாற்றத்தில் கேட்பது, எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்புவது. மூன்றாவது வழியை மாணவர்கள் தயங்கித் தயங்கித்தான் முயல்கிறார்கள். எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் கேட்பதை விரும்பாத ஆய்வாளர் அபூர்வம்.

தேடியதை எழுதி வைப்பது

மாணவியிடம் முதல் நாளே ஒரு நோட்டு கொடுத்தேன். தேதி, எந்தத் தளம், தேடல் வரி எழுத்து மாறாமல், எத்தனை முடிவுகள், அவற்றில் எத்தனை திறந்து பார்த்தார், எவற்றை எடுத்தார், எடுக்காததற்கு ஒரு சொல்லில் காரணம். முதலில் சுமையாகத்தான் இருந்தது அவருக்கு. நெறியாளர் "இதைத் தேடினாயா?" என்று கேட்டபோது நோட்டைத் திறந்து தேதியோடு காட்ட முடிந்தது. அதன்பின் அவரே விடவில்லை. மருத்துவ ஆய்வில் இது விருப்பத்துக்கு விட்ட காரியமே இல்லை. ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கட்டுரைகளுக்கு 2009-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட பிரிஸ்மா என்ற வழிகாட்டுப் பட்டியலில் 27 அம்சங்கள் உள்ளன. ஒவ்வொரு தரவுத்தளத்திலும் போட்ட தேடல் வரியை முழுதாக வெளியிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வேறொருவர் அதே வரியைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக. உயிர் சம்பந்தப்பட்ட துறைக்கு அவ்வளவு கண்டிப்பு தேவை என்றால், ஒரு வட்டாரத்தின் நிலமும் மாடும் சம்பந்தப்பட்ட துறைக்குப் பாதியாவது வேண்டாமா?

இப்போது அரட்டைச் செயலிகளிடம் கேட்டுப் பட்டியல் வாங்கி வருபவர்கள் கூடிவிட்டார்கள். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. மாற்றுப் பெயர்களை யோசித்துத் தரச் சொல்லி அவற்றைக் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை, அதில் அவை உதவுகின்றன. பட்டியலில் வரும் ஒவ்வொன்றையும் மூலத்தில் திறந்து பார்க்காமல் ஆய்வேட்டில் சேர்க்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. திறக்காத கட்டுரையைப் படித்ததாக எழுதுவது பொய்ச்சாட்சி.

மாணவியின் சுருக்கத்தில் அந்தக் கடைசி வரி இப்போது இல்லை. அதன் இடத்தில், எந்தெந்தத் தளங்களில், எந்தச் சொற்களால், எந்த மாதம் வரை தேடினார் என்றும், கொரங்காட்டின் புல், மரம், கால்நடை பற்றியும் கென்ய மேய்ச்சல் நிலங்கள் பற்றியும் கிடைத்தவை எவை என்றும், பாகப்பிரிவினைக்குப் பின் பொது வேலியைப் பேணுவது பற்றி அந்தத் தேடலுக்குள் எதுவும் அகப்படவில்லை என்றும் ஒரு நீண்ட பத்தி இருக்கிறது. தேடல் வரிகளை இரண்டு பக்க இணைப்பாகவும் வைத்தார். நெறியாளர் அதை எடுத்துவிடச் சொன்னார். நான் போய்ப் பேசினேன். "புறத்தேர்வாளர் கையில் நாமே குறையை எடுத்துக் கொடுப்பதாகிவிடும்" என்பது அவர் வாதம். குறையை அவர் கண்டுபிடிக்கட்டும் என்பதுதான் என் பக்கம். "இந்தப் பெயரையும் சேர்த்துத் தேடியிருக்கலாமே" என்று ஒரு தேர்வாளர் சொல்ல முடிந்தால், ஆய்வேடு அச்சாகும் முன் ஆய்வாளருக்கு ஒரு புதிய சொல் கிடைக்கிறது. தேடியதை மறைத்துவிட்டால் யாராலும் உதவ முடியாது. நெறியாளர் முழுதாக ஒப்பவில்லை. பின்னிணைப்பில் இருக்கட்டும் என்ற அளவில் ஒப்புக்கொண்டார்.

தேடல் தாள் இல்லாமல் ஆய்வுச் சுருக்கத்தை வாங்க வேண்டாம் என்று துறைத் தலைவர்களிடம் கேட்டிருக்கிறேன். பொருளியல் துறை சரி என்றது. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர், பழைய இதழ்களை வைத்து வேலை செய்பவருக்கு உங்கள் தாள் எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே முக்கால்வாசிச் சரக்கு இணையத் தரவுத்தளங்களில் இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தின் பட்டியலிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், தனியார் வீட்டு அலமாரிகளிலும் இருக்கிறது. அதற்கு வேறு கட்டங்கள் வேண்டும். அவரும் நானும் உட்கார்ந்து அந்தத் தாளை வரைந்துகொண்டிருக்கிறோம். முதல் கட்டத்தில் புனைபெயர்கள், இரண்டாவதில் இதழ் அச்சான ஊர், மூன்றாவதில் அது நின்று மறுபடி வந்த ஆண்டுகள் என்ற வரை வந்திருக்கிறோம்.